அந்நியர் பயிற்சி

ஜூன் 2, ஞாயிறு

இன்று முதல் வகுப்பு. கிளப் ஹவுஸுக்குப் பின்னால் இருக்கிற புல்தரையில் ஒரு டஜன் நாய்கள். கோல்டன் ரிட்ரீவர், லாப்ரடார், பொம்மை மாதிரி இரண்டு ஷிட்சூ, நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஒரு ஹஸ்கி. பனியில் ஓட வேண்டிய நாயைப் பழைய மகாபலிபுரம் சாலைக்குக் கொண்டுவந்தவனைத்தான் முதலில் பழக்க வேண்டும். நடுவில் என் வத்தல். போன மழையில் பின்சுவருக்கு வெளியே குழாய்க்குள் கத்திக்கொண்டு கிடந்தது. எலும்பும் தோலுமாக இருந்ததால் அந்தப் பெயர் வைத்தேன். இப்போது பெயருக்குப் பொருந்தாத உடம்பு.

பாசத்தில் நான் இந்தக் கிளப்பில் சேரவில்லை. குடியிருப்புச் சங்கம் போன மாதம் ஒரு விதி போட்டது. வளாகத்தில் இருக்கிற எல்லா நாயும் ‘நாலுகால் நண்பர்கள்’ கிளப் நடத்தும் நன்னடத்தைத் தேர்வில் தேற வேண்டும். ஜூலை இரண்டாம் ஞாயிறு தேர்வு. தேறாத நாய் வெளியே போக வேண்டும். விதி எல்லாருக்கும் பொது என்கிறார்கள். கிளப் தலைவி வசுமதி மேடத்தின் ஆஸ்கார் தேறாமல் போகும் என்று யாராவது சொல்லட்டும், பார்க்கலாம். அந்த விதி எந்த நாயைப் பார்த்துப் போட்டது என்று எனக்குத் தெரியும்.

வத்தல் போனால் நானும் போக வேண்டும். நான் வாடகைக்கு இருப்பவள், சங்கத்தில் எனக்கு ஓட்டு இல்லை. இந்த வீடு கிடைப்பதற்கு மூன்று மாதம் அலைந்தேன். சில இடங்களில் நாய் என்றதும் கதவைச் சாத்தினார்கள். சில இடங்களில் நாயைப் பற்றிய பேச்சே வரவில்லை. சொந்த ஊர் எது, ஊரில் எந்தத் தெரு என்று கேட்டுவிட்டே சாத்தினார்கள்.

வகுப்பில் சிட், ஸ்டே, கம். வத்தலுக்கு ‘உக்காரு’ என்றால்தான் புரியும்.

“இங்கிலீஷ்ல பழக்கும்மா. டெஸ்ட்ல எல்லாருக்கும் ஒரே கமாண்ட்தான்” என்றார் வசுமதி.

“அதுக்கு இங்கிலீஷ் வராது மேடம். கவர்ன்மென்ட் ஸ்கூல்.”

யாரோ சிரித்தார்கள். வசுமதி சிரிக்கவில்லை.

கடைசியில் அந்நியர் பயிற்சி. முன்பின் தெரியாத ஆள் கையை நீட்டிக்கொண்டு கிட்டே வரும்போது நாய் அசையாமல் உட்கார வேண்டும். குடியிருப்பவர்கள் யாரும் நாய்களுக்கு அந்நியர் இல்லையாம். அதனால் பின்கேட் செக்யூரிட்டி கண்ணாயிரத்தைக் கூப்பிடுவது இங்கே வழக்கம். வந்தவாசிப் பக்கத்துக்காரர், ஐம்பது வயதுக்கு மேல், நாய் என்றாலே பயம். நீலச் சட்டையும் தொப்பியுமாக ஒவ்வொரு நாயின் முன்னாலும் போய்க் கையை நீட்டினார். ஒவ்வொன்றும் குரைத்தது. உடனே உரிமையாளர் கயிற்றை இழுத்துப் பிடித்து, “நோ, நோ” என்று ஒரு பிஸ்கட்டை அதன் வாயில் திணித்தார். அது வாயை மூடியது. அடுத்த நாய். முடியும்போது கண்ணாயிரத்தின் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. அவருக்கு ஒரு டீ கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

வத்தலும் குரைத்தது. நானும் பிஸ்கட் கொடுத்தேன். எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள்.

ஜூன் 4, செவ்வாய்

வத்தலின் காதுக்குள் உண்ணி. அம்மா போனில் மண்ணெண்ணெய் தடவச் சொன்னாள். தடவக் கூடாது. இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும், நசுக்கக் கூடாது. ஏழெட்டு எடுத்து சோப்புத் தண்ணீரில் போட்டேன். வத்தல் மடியில் தலையை வைத்துக்கொண்டு பேசாமல் கிடந்தது. இதைத்தான் முரட்டு நாய் என்று கிளப்பின் வாட்ஸ்அப் குரூப்பில் எழுதுகிறார்கள்.

மீதி நேரமெல்லாம் ஆபீஸ் வேலை. மருத்துவக் காப்பீட்டு விண்ணப்பங்களைப் படித்து, எதை வைத்துப் பணம் தர முடியாது என்று சொல்லலாம் எனக் கண்டுபிடிப்பது. அதற்குப் ‘பரிசீலனை’ என்று பெயர். நான் அதில் கெட்டிக்காரி.

ஜூன் 9, ஞாயிறு

பயிற்சியாளர் ஜோயல் பெரம்பூர்க்காரன். என் வயதுதான் இருக்கும். வகுப்பு முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டான்.

“நிறைமதி, தப்பா எடுத்துக்காதீங்க. கயித்த லூசா விடுங்க. எதிர்ல ஆள் வந்தாலே உங்க கை இறுகுது. அது கயிறு வழியா நேரா அதோட கழுத்துக்குப் போகுது. அப்ப அது என்ன நெனைக்கும்? இவன் ஆபத்தானவன்போலன்னு நெனைக்கும்.”

“அப்ப அவங்க எல்லாரும் பிஸ்கட் கொடுக்குறது மட்டும் சரியா?”

“அதுவும் தப்புதான். குரைச்சதுக்கு அப்பறம் கொடுத்தா, குரைச்சா பிஸ்கட் வரும்னு கத்துக்கும்.”

“இத வசுமதிகிட்ட சொல்ல வேண்டியதுதானே.”

பல்லைக் காட்டினான். “சொன்னேன். போன வருஷம். அடுத்த மாசம் எனக்குப் பதிலா வேற ஆள் தேடுனாங்க. எனக்கு ஞாயித்துக்கிழமை நாலு கிளப்புங்க.”

சம்பளத்துக்கு வாயை மூடிக்கொள்கிறவன் எனக்குக் கையைப் பற்றிப் பாடம் எடுக்கிறான்.

ஜூன் 13, வியாழன்

கிளப் குரூப்பில் வெயில்கால அறிவுரை வந்தது. புறங்கையைத் தார்ச்சாலையில் வைத்துப் பாருங்கள், உங்களால் தாங்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் தாங்காது. திராட்சை கொடுக்காதீர்கள். வெங்காயம் சேர்த்த சோறு கொடுக்காதீர்கள். எல்லாம் சரியான அறிவுரை, நானும் பின்பற்றுகிறேன். நடுமத்தியானம் மொட்டைமாடியில் கல் தூக்குகிற ஆட்களின் பாதத்தைப் பற்றி அதே குரூப்பில் ஒருவரும் எழுதியதில்லை.

அதன் கீழே இன்னொரு செய்தி. ‘நாட்டு இன நாய்கள் பின்கேட் வழியாக மட்டும் போய்வர வேண்டும். ஒவ்வொரு முறையும் தடுப்பூசி டோக்கனைச் செக்யூரிட்டியிடம் காட்ட வேண்டும்.’ வளாகத்தில் நாட்டு நாய் ஒன்றுதான். பெயரைப் போட்டே எழுதியிருக்கலாம்.

ஜூன் 16, ஞாயிறு

வகுப்பு. அந்நியர் பயிற்சியில் வத்தல் தோல்வி. ஆஸ்காரும்தான் குரைத்தது, அதற்குப் பெயர் ‘கொஞ்சம் எக்ஸைட் ஆயிடுச்சு’.

ஜூன் 20, வியாழன்

காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை டோக்கன். தினமும் பார்க்கிற அதே நாய், அதே டோக்கன். கண்ணாயிரம் காவல் கூண்டைவிட்டு இறங்கி வருகிறார், பயந்துகொண்டே கையை நீட்டுகிறார்.

“காட்டும்மா.”

“நேத்து பாத்தீங்கல்லண்ணே. ராத்திரியோட ராத்திரியா ஊசி மருந்து வத்திப்போயிருமா?”

“என்னாண்ட ஏம்மா எகிர்ற? நானா ரூல்ஸ் போட்டேன்? காமிச்சுட்டுப் போயினே இரு.”

“அவங்க சொன்னா நீங்க எதையும் செய்வீங்களா?”

“செஞ்சாதான் சோறு. நீ இன்னா, ஆபீஸ்ல ஒங்க மேனேஜர் சொல்றத செய்யாமயா கீற?”

டோக்கனை அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன். வத்தல் மெல்ல உறுமியது. அதற்குக்கூட இந்த அவமானம் புரிகிறது. வீட்டுக்கு வந்து கூடுதலாக ஒரு முட்டை வைத்தேன்.

ஜூன் 23, ஞாயிறு

வசுமதி எல்லார் முன்னாலும் சொன்னார்: “நிறைமதி, ஒண்ணு சொல்லட்டா? சில நாய்ங்களுக்கு அப்பார்ட்மென்ட் செட் ஆகாது. எவ்ளோ ட்ரெயின் பண்ணாலும் ரத்தத்துல இருக்கறது போகாது. அதுக்கும் அது நல்லதில்ல பாரு.”

ரத்தத்தில் இருக்கிறது. நாயைப் பற்றித்தான் சொன்னார். நாயைப் பற்றி மட்டுமே சொன்னார் என்று அவரிடம் கேட்டால் சத்தியம் செய்வார்.

வரும் வழியெல்லாம் கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்தேன் என்பது வீட்டில் வந்து விரல்களைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. சிவந்து கோடு விழுந்திருந்தது.

ஜூன் 27, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் மீட்டிங் மேல் மீட்டிங். வத்தலை வெளியே கூட்டிப்போக மத்தியானம் ஆகிவிட்டது. தார் சுட்டது. வத்தல் பாதத்தைத் தூக்கித் தூக்கி வைத்தது. சீக்கிரம் உள்ளே போய்விடலாம் என்று பின்கேட்டுக்கு வந்தேன். கேட் சாத்தியிருந்தது. கண்ணாயிரம் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு மெதுவாக இறங்கி, பக்கக் கதவு வழியாக வெளியே வந்தார். கையை நீட்டினார்.

“டோக்கன்.”

டோக்கனை மேலே வைத்துவிட்டு வந்திருந்தேன்.

“அண்ணே, காலு சுடுது அதுக்கு. தொறங்க.”

“டோக்கன் இல்லாம உட்டா என்னைத்தாம்மா கேப்பாங்க. வசுமதிம்மா கேமராவுல பாக்குது.”

“அந்தம்மாவுக்கு நீங்க என்ன நாயா?”

அந்த வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டாம். அவரும் குரலை உயர்த்தினார். “மரியாதையா பேசு. பொம்பளப் புள்ளன்னு பாக்கறேன்” என்று ஒரு அடி முன்னால் வந்தார். நான் கயிற்றை இழுத்தேன். வத்தல் என்னைத் தாண்டிப் போய் அவருடைய கெண்டைக்காலைப் பிடித்தது.

ஒரே கடி. உடனே விட்டுவிட்டது. அவர் கத்தவில்லை. “ஐயோ” என்று மெதுவாகச் சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

வத்தலைக் கம்பியில் கட்டிவிட்டு அவரைத் தோட்டக் குழாய்க்குக் கூட்டிப்போனேன். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவ வேண்டும். கழுவினேன். கட்டுப் போடக் கூடாது, மஞ்சள் தடவக் கூடாது, இன்றே ஊசி போட வேண்டும் என்று சொன்னேன். ஆட்டோ பிடித்து அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன். இதையெல்லாம் செய்தது நான்தான். ஆஸ்கார் கடித்திருந்தால் வசுமதி அவருடைய காலைத் தொட்டுக் கழுவியிருப்பாரா?

அவர் அப்படி முன்னால் வந்திருக்கக் கூடாது. நாய்க்கு முன்னால் அப்படி வரக் கூடாது. ஆனால் நாய் முன்னால் கையை நீட்டிக்கொண்டு நேராக வர அவரைப் பழக்கியது யார்? ஒவ்வொரு ஞாயிறும் பழக்கியது யார்? குற்றம் முழுக்க அந்தக் கிளப்புடையது.

ஜூன் 28, வெள்ளி

தேர்வுக்கு இன்னும் இரண்டு வாரம். கடித்தது வத்தல் என்று தெரிந்தால் தேர்வே தேவைப்படாது. நாளைக்கே நாய் பிடிக்கிற வேன் வந்துவிடும்.

காலையில் செக்யூரிட்டி கூண்டுக்குப் போனேன். வத்தலைக் கூட்டிப்போகவில்லை. கண்ணாயிரம் காலை ஸ்டூலில் நீட்டி வைத்திருந்தார். லீவு கேட்கவில்லை. கேட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்களாம்.

“ஊசி போட்டாங்களாண்ணே?”

“போட்டாங்க. எந்த நாயின்னு கேட்டாரு டாக்டரு. வூட்டு நாயி, ஊசி போட்ட நாயின்னேன். அப்ப பத்து நாளு அந்த நாயைப் பாரு, ஒண்ணும் ஆவலன்னா மீதி ஊசிய நிறுத்திக்கலாம்னாரு.”

“யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

“இன்னும் இல்ல.”

நான் விளக்கிச் சொன்னேன். மத்தியான நேரம், யாரும் பார்க்கவில்லை, கேமராவை யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை. தெருநாய் கடித்தது என்று சொன்னால் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. சொந்த நாய் என்றால் ஒரு உயிர் போகும், நானும் தெருவுக்கு வர வேண்டும். உங்களுக்கும் எனக்கும் என்ன சண்டை, சண்டை அவர்களோடுதானே.

அவர் ஸ்டூலில் இருந்த காலை இறக்கி வைத்தார். பிறகு, “நீயும் அதான் சொல்றியா” என்றார். “சரி. அப்படியே சொல்லிடறேன்.”

இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வார் என்று நான் நினைக்கவில்லை. கீழே இருப்பவர்களுக்குள் ஒரு புரிதல் இருக்கிறது, அது மேலே இருக்கிறவர்களுக்கு விளங்காது.

கிளம்பும்போது ஒன்று ஞாபகம் வந்தது. ஆபீஸ் பழக்கம். “ஆஸ்பத்திரிலயும் தெருநாய்னே சொல்லிருங்கண்ணே. சீட்டுல ஒண்ணு, இங்க ஒண்ணுன்னு இருந்தா மாட்டிக்குவீங்க.”

“அங்கயுமா?”

“ஆமா.”

ஜூன் 29, சனி

கண்ணாயிரம் மறுபடி மருத்துவமனைக்குப் போய் மாற்றிச் சொல்லிவிட்டார். தெருநாய் என்றதும் கடிவாயைச் சுற்றியே ஊசி குத்தினார்களாம். இனி எல்லா ஊசியும் போட்டாக வேண்டும். “கடிச்சப்போகூட அவ்ளோ வலிக்கல” என்றார்.

இலவச ஊசிதான். போட்டுக்கொள்வது நல்லதுதான்.

ஜூன் 30, ஞாயிறு

வகுப்புக்குப் பதிலாகக் கிளப் ஹவுஸில் கூட்டம். கண்ணாயிரம் ஓரமாக நின்றார். தொப்பியைக் கையில் வைத்திருந்தார். வசுமதி கேட்டார்.

“சொல்லுங்க கண்ணாயிரம். எந்த நாய்?”

“தெருநாய்ங்க. செவலை நாய்.”

“நல்லாப் பாத்தீங்களா?”

“பாத்தங்க.”

முன்வரிசையில் இருந்த சிலர் மூச்சு விட்டது கேட்டது. எனக்குப் பக்கத்தில் இருந்த ஹஸ்கிக்காரர் மட்டும் விடவில்லை. “அதெப்படிய்யா தெருநாய் உள்ள வந்துச்சு? கேட்ல நீதானே நின்ன?”

இதை நான் யோசித்திருக்கவில்லை. கண்ணாயிரம் வசுமதியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் போனைப் பார்த்தேன்.

“கேட்ட சாத்தலீங்க” என்றார். “சாப்ட உக்காந்துட்டேன். சாத்த மறந்துட்டேன்.”

“கொழந்தைங்க விளையாடற எடம்யா இது” என்றார் ஹஸ்கிக்காரர்.

“தப்புதாங்க.”

கூட்டம் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. பிஸ்கட்டும் டீயும் இருந்தன. நான் குடிக்கவில்லை.

ஜூலை 2, செவ்வாய்

பின்கேட்டில் புது ஆள். ஒடிசாக்காரப் பையன். கண்ணாயிரத்தை ஏஜென்சி வேறு இடத்துக்கு மாற்றிவிட்டதாக ஜோயல் போனில் சொன்னான். மாற்றம்தான், நீக்கவில்லை. ஏஜென்சிக்கு நூறு இடம் இருக்கும்.

மத்தியானம் வேன் வந்து, பின்சுவருக்கு வெளியே படுத்திருந்த மூன்று நாய்களைச் சுருக்குப் போட்டுத் தூக்கிப் போனார்கள். ஒன்று செவலை. தெருநாய்களை இடம் மாற்றுவது சட்டப்படி குற்றம். கருத்தடை செய்து, எடுத்த இடத்திலேயே விட வேண்டும். குரூப்பில் நீளமாக எழுதினேன். உங்கள் நாய் மட்டும் நாய், தெருவில் பிறந்தது குப்பையா என்று கேட்டேன். எத்தனையோ பேர் படித்தார்கள், ஒருவர்கூடப் பதில் போடவில்லை. கோழைகள்.

ஜூலை 5, வெள்ளி

டோக்கன் சோதனையை நிறுத்திவிட்டார்கள். அறிவிப்பு எதுவும் இல்லை. புதுப் பையன் கூண்டைவிட்டு இறங்குவதே இல்லை. உட்கார்ந்தபடியே தலையை ஆட்டுகிறான், கேட் திறக்கிறது. என் பதிவைப் பார்த்துப் பயந்திருப்பார்கள்.

ஜூலை 7, ஞாயிறு

வத்தல் ஒரு வாரமாக வேறு நாய். கேட்டைத் தாண்டும்போது வாலைத் தொங்கவிட்டு நிதானமாக நடக்கிறது. வகுப்பில் புதுப் பையனை அந்நியராக வரச் சொன்னார்கள். வத்தல் ஒருமுறை மூக்கை உறிஞ்சிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்தது. ஆஸ்கார் தொண்டை கிழியக் குரைத்தது.

“பாத்தீங்களா, உங்க கை லூசா இருக்கு இப்ப” என்றான் ஜோயல். “சண்ட இல்லன்னா நாயும் சும்மாத்தான் இருக்கும்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “கண்ணாயிரண்ணன் பாவம், சிறுசேரிப் பக்கம் பில்டிங் சைட்ல போட்டிருக்காங்க. கூரைகூட இல்லாத எடம்” என்றான்.

வத்தலுக்குத் தேர்வு பயம் இல்லை என்று நினைக்கிறேன்.

ஜூலை 14, ஞாயிறு

தேறிவிட்டோம்.

உட்கார், இரு, வா, கூட நட, அந்நியர். எல்லாம். வத்தலுக்குக் கழுத்தில் பச்சை ரிப்பன் கட்டினார்கள். ஆஸ்காருக்கு அந்நியர் பயிற்சியில் மட்டும் ‘மறுவாய்ப்பு’ கொடுத்து, அதிலும் குரைத்தபின் தேறியதாக அறிவித்தார்கள். அதைப் பற்றி எழுதப் பக்கம் பத்தாது. ஆனால் வத்தல் தேறிவிட்டது. வத்தல் இங்கேயே இருக்கும். நானும்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வத்தல் முகத்தை நக்கியது. கோழி ஈரல் வேக வைத்துக் கொடுத்தேன், உப்புப் போடாமல்.

ஜூலை 17, புதன்

வசுமதி காபிக்குக் கூப்பிட்டார். ஐந்தாவது மாடி. நாய்க்கென்று தனி அறை, அதில் ஏசி. என் அம்மா தீப்பெட்டி ஒட்டிய அறையைவிடப் பெரிது.

வத்தலைக் கிளப்பின் முகமாகப் போடப்போகிறார்களாம். ‘நாட்டு நாயைத் தத்தெடுப்போம்’ என்று ஒரு வாரம் கொண்டாட்டம். நான் பேச வேண்டுமாம்.

“நீ நல்லா பேசுவேம்மா. ஃபயர் இருக்கு ஒங்கிட்ட” என்றார். “அந்த செக்யூரிட்டி விஷயத்துல மட்டும் கொஞ்சம் பயந்துட்டேன். அந்தாளு கேட்டைத் தொறந்து போட்டுட்டுத் தூங்கி, நம்ம எல்லாருக்கும் கெட்ட பேரு வாங்கிக் குடுத்திருப்பான்.”

தூங்கினேன் என்று கண்ணாயிரம் சொல்லவே இல்லை. சாப்பிட உட்கார்ந்தேன் என்றுதான் சொன்னார். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

“அவரு தூங்கல. கேட்டும் சாத்தித்தான் இருந்துச்சு. கடிச்சது தெருநாய் இல்ல மேடம், வத்தல்.”

சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். வசுமதி காபியை ஒரு வாய் குடித்தார்.

“தெரியும்மா. பின்கேட்ல கேமரா இருக்கே. அன்னிக்கு சாயங்காலமே பாத்துட்டோம்.”

“அப்பறம் ஏன் கூட்டம்?”

“வேற என்ன பண்றது சொல்லு? ரெசிடென்ட் நாய் கடிச்சுதுன்னா அசோசியேஷன் பதில் சொல்லணும். அந்தாள நம்ம கிளாஸ்ல நிக்க வெச்சதெல்லாம் வெளில வரும். கிளப்பையே இழுத்து மூடுவாங்க. அதான் அவரைக் கூப்ட்டு, தெருநாய்னு சொல்லிடுங்க, அது எல்லாருக்கும் நல்லதுன்னு சொன்னேன். நீ ஏன் இவ்ளோ டென்ஷன் ஆகற? ஒன் நாயையும் சேத்துத்தான் காப்பாத்தியிருக்கேன்.” ஆஸ்கார் வந்து என் காலடியில் படுத்தது. “சர்க்கரை போதுமா?”

போதும் என்றேன். முழுக் காபியையும் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

ஜூலை 20, சனி

சிறுசேரி. பாதி எழும்பிய கட்டடம், தகர வேலி. கேட் என்று சொல்ல ஒரு கம்பிச் சட்டம். அதன் பக்கத்தில் கண்ணாயிரம் குடையை விரித்து வைத்துச் சிமென்ட் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். அதே நீலச் சட்டை. காலைத் தாங்கித் தாங்கி எழுந்தார். வத்தல் வந்திருக்கிறதா என்று எனக்குப் பின்னால் பார்த்தார்.

“கூட்டியாரலண்ணே.”

“ம்.”

“ஊசியெல்லாம் போட்டு முடிச்சீங்களா?”

“மூணு போட்டேன். அப்பறம் இங்க மாத்திட்டானுங்க. இங்க நான் ஒருத்தன்தான். வுட்டுட்டு எப்படிப் போறது?”

“பாதில விடக் கூடாதுண்ணே. இப்ப போங்க, ஆட்டோ புடிச்சுத் தரேன். நான் கேட்ல நிக்கிறேன்.”

அவர் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை. “நீயா? போன வாட்டி நீ சொன்னியேன்னு போயிட்டு வந்தேன். கால சுத்திக் குத்தனாங்க.”

“அண்ணே, அந்தம்மாவும் உங்களக் கூப்ட்டு சொன்னாங்கன்னு எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது.”

அவர் என்னைப் புரியாமல் பார்த்தார்.

“தெரியாதா? காலைல அந்தம்மா கூப்ட்டுச் சொல்லுச்சு. அது போயி அர மணி நேரத்துல நீ வந்து அதையே சொன்ன. ஒரு வார்த்த மாறல. நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா ஒக்காந்து பேசிட்டுதான் என்னாண்ட ஆளுக்கொரு பக்கமா வறீங்கன்னு நெனச்சேன்.”

“இல்லண்ணே. நான் அவங்களுக்கு எதிரி.”

“அதுக்கு நான் இன்னா பண்றது?”

வத்தல் கடிக்காது, அது நல்ல நாய், நான்தான் அன்றைக்குக் கயிற்றை, என்று ஆரம்பித்தேன். அவர் கேட்கவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திடீரென்று, பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னார்.

“தெருநாய்தாம்மா. செவலை நாய். கேட்ட சாத்தல, என் தப்புதான். போதுமா? வேற எதுனா சேத்து சொல்லணுமா? யாரு வந்து கேட்டாலும் இதான் சொல்வேன். நீ பயப்படாத. இதுக்காவ இம்மாந்தூரம் வராத.”

“அதுக்கு வரலண்ணே.”

“பின்ன எதுக்கு வந்த?”

பின்னால் ஹாரன் அடித்தது. ஜல்லி லாரி.

“நவுரும்மா” என்றார். “கேட்ட மறைக்காத.”

நகர்ந்தேன். அவர் கம்பிச் சட்டத்தைத் தோளால் தள்ளித் திறந்தார். லாரி உள்ளே போனதும் மறுபடி இழுத்துச் சாத்தினார். சாத்திவிட்டு, கொக்கி விழுந்ததா என்று இரண்டு முறை ஆட்டிப் பார்த்தார்.

ஜூலை 21, ஞாயிறு

வகுப்புக்குப் போனோம். வத்தல் நன்றாக உட்கார்ந்தது.